வேலை கூடினால் சம்பளமும் கூட வேண்டுமா?

வியாபாரிகள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சுதான்: "புதுப் பையன்கள் வந்த அன்றே கூடுதல் சம்பளம் கேட்கிறார்கள்." அவர்களோ, "முன்பு இரண்டு பேர் பார்த்த வேலையை இன்று ஒருவன் பார்க்கிறேனே" என்கிறார்கள். இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

அன்று பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி, தராசில் நிறுத்து, பொட்டலம் மடித்து, நூல் கட்டித் தந்தோம். இன்று பாக்கெட் சரக்கு, எலக்ட்ரானிக் தராசு, கம்ப்யூட்டர் பில். 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் சில்லறைத் தொல்லையும் குறைந்தது. பையன் கூடுதல் பேரைக் கவனிக்கிறான் என்பது உண்மையே.

"அது நாம் முதல் போட்டு வாங்கிய மெஷினின் வேலை" என்போம். அதுவும் ஓரளவு சரி. எதிர்க்கடையும் அதே மெஷினை வாங்கியதும், மிச்சமானதை விலைக்குறைப்பாக வாடிக்கையாளருக்கே விட்டுத்தர நேர்கிறது. எனவே வேலை கூடியது மட்டுமே சம்பளத்தை உயர்த்தப் போதாது.

ஆனால் முடிதிருத்துபவரைப் பாருங்கள். ஒரு தலைக்கு ஆகும் நேரம் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கூலியோ பலமடங்கு ஏறிவிட்டது. வேறு தொழிலில் கூடுதல் கிடைக்கும்போது, குறைந்த கூலிக்கு ஆள் நிற்பதில்லை. பனியன் கம்பெனியும் டெலிவரி வேலையும் தரும் சம்பளத்தோடுதான் நம் கடைக்குப் போட்டி.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1914-ல், லாபப் பங்கையும் சேர்த்து நாட்கூலியை 5 டாலராக்கினார். முன்பிருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. தருமசிந்தனை மட்டும் காரணமல்ல. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வேலையிடத்துக்கு மூன்று பேருக்கு மேல் மாறிக்கொண்டிருந்தார்கள். கூலி ஏறியதும் ஆட்கள் நிலைத்தார்கள்.

நம் கணக்கையும் போடுவோம். சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கூட்டினால் ஆண்டுக்கு 12,000. பையன் விலகினால், புதியவன் முதல் இரண்டு மாதம் பாதி வேலையே பார்ப்பான். அதிலேயே 12,000 போய்விடும். தவறான எடை, மாறிய ரகம் எல்லாம் அதற்கு மேல்.

நாமும் பட்டுத்தான் அறிந்தோம். மூன்றாண்டு பழகிய பையனுக்கு ஆயிரம் கூட்ட மறுத்தோம், போய்விட்டான். புதியவன் உளுந்து ரகத்தை மாற்றி அனுப்பினான். இருபதாண்டு வாடிக்கை ஒன்று கைவிட்டுப் போனது.

குறைந்தபட்சக் கூலி தருவது சட்டப்படி கடமை. அதற்கு மேல், சேரும்போதே அள்ளித்தர இயலாதவர்கள், ஆறு மாதத்தில் இவ்வளவு, ஓராண்டில் இவ்வளவு என்று முதல்நாளே சொல்லி, சொன்னபடி கொடுங்கள். நிலைத்த கையே கடைக்கு லாபம்.