எதுவும் நடக்காத நாளின் பின்னால்

அரும்பொருளகத்திற்குக் கற்றல் பயணம் சென்று திரும்பிய மாணவர்களிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில்கள் உடனே வரும். தேசிய அரும்பொருளகத்திற்குச் சென்றவர்கள், இன்றுவரை எவராலும் முழுமையாகப் படித்தறிய முடியாத எழுத்துகளைக் கொண்ட சிங்கப்பூர்க் கல்லைப் பற்றிச் சொல்வார்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்குச் சென்றவர்கள், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பீங்கான் கிண்ணங்களைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால், அந்தக் கூடத்தில் நின்றிருந்த பாதுகாவல் அதிகாரியின் முகம் நினைவில் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்குவார்கள்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பார்வையாளரின் கண் காட்சிப்பொருளின்மீது இருக்க வேண்டும் என்பதற்காகவே பாதுகாவல் அதிகாரி சற்று ஒதுங்கி நிற்கிறார். அவர் தம் பணியை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவு குறைவாகவே நம் கவனத்திற்கு வருகிறார். அப்படியானால், இத்தகைய பணியின் சிறப்பை அடையாளம் கண்டு பாராட்டுவது எப்படி? உலகின் பல அரும்பொருளகங்கள் இக்கேள்விக்கு வெவ்வேறு வகையில் விடை தேடியுள்ளன.

நிற்பது மட்டுமா வேலை?

பாதுகாவல் அதிகாரி ஓரிடத்தில் நிற்பவர், அவ்வப்போது “தொடாதீர்கள்” என்று சொல்பவர் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், அரும்பொருளகத்தில் அவர் ஒரே நேரத்தில் மூன்றைக் காக்கிறார்: மனிதர்கள், பொருள்கள், கட்டடம்.

காலையில் கதவு திறப்பதற்கு முன்பே அவருடைய பணி தொடங்கிவிடுகிறது. கண்ணாடிப் பேழைகளின் பூட்டுகள் சரியாக உள்ளனவா, நேற்று இருந்த பொருள் இன்றும் அதே இடத்தில் இருக்கிறதா, கூரையில் நீர்க்கசிவு ஏதும் உண்டா, அவசர வழிகளை ஏதாவது அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கிறார். கண்டவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்கிறார். பார்வையாளர்கள் வந்த பிறகு, முதுகில் பெரிய பையுடன் ஓவியத்தின் அருகே திரும்புபவரையும், தற்படம் எடுக்கும் ஆர்வத்தில் பின்னோக்கி நடப்பவரையும் கவனிக்கிறார். விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் பழம்பொருள்களின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கெடுத்துவிடும். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று தோன்றலாம். ஆயிரம் பேர் அப்படி நினைத்தால் என்ன ஆகும் என்பதை அவர் அறிவார்.

வழி தெரியாத முதியவர், பெற்றோரைத் தவறவிட்ட குழந்தை, திடீரென மயங்கி விழுந்த பயணி ஆகியோர் முதலில் தேடுவதும் சீருடை அணிந்த அவரைத்தான். இரவில் அனைவரும் வீடு திரும்பிய பிறகும், தீயின் அறிகுறி தென்படுகிறதா என்று கூடம் கூடமாகச் சுற்றி வர ஒருவர் விழித்திருக்கிறார்.

நிழலின் அருமை வெயிலில்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பாதுகாவலின் அருமையையும் அது தவறிய நாள்களே உலகிற்கு உணர்த்தின.

1911 ஆகஸ்ட் 21ஆம் நாள், பாரிசிலுள்ள லூவர் அரும்பொருளகத்திலிருந்து ‘மோனாலிசா’ ஓவியம் திருடப்பட்டது. அன்று திங்கட்கிழமை, அரும்பொருளகம் மூடப்பட்டிருந்தது. சுவரில் அந்த இடம் காலியாக இருந்தும், படம் எடுப்பதற்காக அதைக் கொண்டுசென்றிருப்பார்கள் என்று கருதப்பட்டது. மறுநாள் ஓவியர் ஒருவர் வந்து விசாரித்த பிறகே திருட்டு தெரியவந்தது. முன்னர் அங்கு வேலை செய்த வின்சென்சோ பெருஜா என்பவரே அதை எடுத்துச் சென்றிருந்தார். ஈராண்டுகளுக்கு மேல் கழித்து, 1913ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஓவியம் மீட்கப்பட்டது.

1990 மார்ச் 18ஆம் நாள் பின்னிரவில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அரும்பொருளகத்தின் அழைப்பு மணியைக் காவலர் உடையில் இருவர் அழுத்தினர். கதவு திறக்கப்பட்டது. பணியில் இருந்த இரு பாதுகாவலர்களையும் கட்டிப்போட்டுவிட்டு, அவ்விருவரும் 13 கலைப்பொருள்களுடன் மறைந்தனர். அவற்றுள் ரெம்பிராண்ட், வெர்மீர் ஆகியோரின் ஓவியங்களும் அடங்கும். அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகை ஒரு கோடி அமெரிக்க டாலராக உயர்ந்தும் அவை மீட்கப்படவில்லை. வெட்டி எடுக்கப்பட்ட ஓவியங்களின் வெற்றுச் சட்டங்கள் அதே சுவர்களில் தொங்குகின்றன.

இந்நிகழ்வுகள் உலகெங்கும் பேசப்படுகின்றன. ஆனால், எதுவும் தொலையாத ஆயிரக்கணக்கான இரவுகளைப் பற்றி எந்த நாளிதழும் எழுதுவதில்லை. ஒரு தவறு தலைப்புச் செய்தியாகிறது. இருபது ஆண்டுகாலக் கவனம் பதிவேட்டின் பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. பாராட்டுக்கு உரியவர்கள் எளிதில் விடுபட்டுப்போவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

உயிரா, பொருளா?

பாதுகாவல் அதிகாரி எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும்? 2025 அக்டோபர் 19ஆம் நாள் லூவரில் நடந்த நகைத் திருட்டு இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. ஏணி பொருத்திய வாகனத்தின் உதவியால் மாடிச் சன்னல் வழியே நுழைந்த திருடர்கள், வெட்டுக் கருவிகளைக் காட்டி மிரட்டி, சில நிமிடங்களில் அரச நகைகளை அள்ளிச் சென்றனர். பணியாளர்கள் தங்களுக்குப் பயிற்றுவிக்கப்பட்ட முறைப்படி பார்வையாளர்களைப் பாதுகாப்பாக வெளியேற்றிக் காவல்துறைக்குத் தகவல் தந்தனர். எவருக்கும் காயம் ஏற்படவில்லை. நகைகள் போயின என்பதை மட்டும் பார்ப்பவருக்கு அது தோல்வி. கூடத்தில் இருந்த அனைவரும் நலமாக வீடு திரும்பினர் என்பதையும் சேர்த்துப் பார்ப்பவரே அப்பணியாளர்களின் சேவையைச் சரியாக எடைபோட முடியும்.

சில வேளைகளில் அந்தச் சேவைக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேர்கிறது. 2009 ஜூன் 10ஆம் நாள், வாஷிங்டன் நகரில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அரும்பொருளகத்தில் ஸ்டீபன் டைரோன் ஜான்ஸ் என்ற பாதுகாவல் அதிகாரி வாசலில் பணியில் இருந்தார். முதியவர் ஒருவர் வருவதைக் கண்டு, அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டார். வெறுப்புணர்வோடு வந்திருந்த அம்மனிதர், மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் அவரைச் சுட்டார். சக அதிகாரிகள் உடனே எதிர்த்துச் சுட்டுத் தாக்குதலைத் தடுத்து நிறுத்தினர். பார்வையாளர் எவரும் உயிரிழக்கவில்லை. ஜான்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 39.

அந்த அரும்பொருளகம் அவரை நினைவுகூரத் தேர்ந்தெடுத்த வழி சிந்திக்கத்தக்கது. உள்ளூர் இளையர்களுக்கான கோடைக்காலத் தலைமைத்துவத் திட்டம் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. வரலாற்றைக் கற்று, வெறுப்பை எதிர்க்கப் பழகும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பெயரைச் சொல்கிறார்கள்.

அறிவுக்கும் மதிப்பு

வீரச்செயலுக்கு மட்டுமே பாராட்டு என்றால், அமைதியான நாள்களில் பணியாற்றுவோருக்கு அது ஒருபோதும் கிட்டாது. அமெரிக்காவின் பால்டிமோர் கலை அரும்பொருளகம் வேறொரு வழியைக் கண்டது. ஓவியத்தை ஆராய்ச்சியாளர் சில நாள் பார்க்கிறார்; பார்வையாளர் சில நிமிடம் பார்க்கிறார்; அதே ஓவியத்தோடு ஆண்டுக்கணக்கில் நாளெல்லாம் இருப்பவர் பாதுகாவல் அதிகாரியே. அப்படியானால், அதைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காதா?

இந்த எண்ணத்தின் விளைவாக, 2022 மார்ச் மாதத்தில் அங்கே ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்கான கலைப்பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்குப் பணியாற்றிய 17 பாதுகாவல் அதிகாரிகள். தங்கள் தேர்வுக்கான காரணத்தை விளக்கி எழுதியதோடு, கண்காட்சியின் வடிவமைப்பிலும் அவர்கள் பங்கேற்றனர். இசை பயின்ற ஒருவர், தமக்கு இசையை நினைவூட்டும் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். கூடுதல் நேரம் உழைத்ததற்காக அவர்களுக்கு ஊதியமும் வழங்கப்பட்டது. “நன்றி” என்று சொல்வதோடு நில்லாமல், “உங்கள் கருத்து எங்களுக்குத் தேவை” என்று அந்நிறுவனம் சொன்னது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அரும்பொருளகத்தில் பத்தாண்டு காலம் பாதுகாவலராக இருந்த பேட்ரிக் பிரிங்லி, தம் அனுபவங்களை எழுதி 2023ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அண்ணனை இழந்த துயரத்தில் அவ்வேலையில் சேர்ந்த அவர், கலைப்பொருள்களுக்கு நடுவே அமைதியாக நின்ற காலம் தம்மை எப்படித் தேற்றியது என்பதை அதில் விவரிக்கிறார். அந்நூலைப் படித்தவர்கள், அடுத்த முறை ஓர் அரும்பொருளகத்திற்குள் நுழையும்போது சீருடைக்குள் இருக்கும் மனிதரையும் பார்ப்பார்கள்.

சிறந்த சேவையை எதைக்கொண்டு அளப்பது?

திருடர்களைப் பிடித்த எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ள முடியாது. நல்ல பாதுகாவல் உள்ள இடத்தில் அந்த எண்ணிக்கை சுழியமாகவே இருக்கும். எனவே, சிறிய செயல்களைப் பார்க்க வேண்டியுள்ளது. தளர்ந்திருந்த திருகாணியை யார் முதலில் கண்டார்? நீர்க்கசிவைப் பற்றிய குறிப்பை யார் தெளிவாக எழுதினார்? குழந்தையின் கை பேழையை நெருங்கியபோது, பெற்றோர் மனம் நோகாமல் யார் தடுத்தார்? பணிக்குப் புதிதாக வந்தவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்?

இதில் வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. முதலாவது, பல இடங்களில் பாதுகாவல் அதிகாரிகள் தனியார் பாதுகாவல் நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்கள் நிற்பது ஓரிடத்தில். அவர்களின் பெயர் இருப்பது வேறொரு நிறுவனத்தின் பட்டியலில். அரும்பொருளகம் தன் ஊழியர்களுக்கு மட்டும் விருது வழங்கினால் அவர்கள் விடுபட்டுப்போவார்கள். இரண்டாவது, பார்வையாளர்களின் வாக்கை மட்டும் கணக்கில் கொண்டால், எவர் கண்ணிலும் படாமல் இரவு நேரப் பணியில் இருப்பவருக்கு ஒரு வாக்கும் கிடைக்காது. ஆகவே, மேலாளர், சக ஊழியர், பார்வையாளர் ஆகிய மூவரின் கருத்துகளோடு பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையே நியாயமானதாக இருக்கும்.

சான்றிதழுக்கு அப்பால்

பாராட்டுச் சான்றிதழ் மகிழ்ச்சி தரும். அது மட்டும் போதுமா? 2025 ஜூன் மாதத்தில் லூவரின் பணியாளர்கள் சில மணி நேரம் வேலையை நிறுத்தினர். கூட்டம் மிகுதி, ஆள் பற்றாக்குறை என்பனவே அவர்களின் குறை. போதிய ஆள்கள் இல்லாத கூடத்தில் தனியாக நிற்பவருக்கு நாம் விருது கொடுத்தாலும், அவருடைய கண்கள் இரண்டுதானே!

சிங்கப்பூரில் பாதுகாவல் அதிகாரியாகப் பணிபுரிய முறையான பயிற்சியும் உரிமமும் தேவை. அத்துறைக்கான படிப்படியான சம்பள உயர்வு முறை 2016ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. பயிற்சியும் பொறுப்பும் கூடும்போது ஊதியமும் கூட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பணியில் இருக்கும் அதிகாரிகளைத் துன்புறுத்துவோரிடமிருந்து அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் சட்டத் திருத்தங்கள் 2022 மே மாதம் நடப்புக்கு வந்தன. ஆண்டுதோறும் ஜூலை 24ஆம் நாள் பாதுகாவல் அதிகாரிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஊதியம், சட்டம், பாராட்டு ஆகிய மூன்றும் சேரும்போதுதான் மதிப்பு என்பது வெறும் சொல்லாக இல்லாமல் நிலைக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அரசும் நிறுவனங்களும் பொறுப்பு. ஆனால், ஒரு பங்கு பார்வையாளரின் கையில் இருக்கிறது. பையை முன்புறம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னால் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்ளலாம். நன்றாக உதவிய ஒருவரின் பெயரை அவருடைய சட்டையில் உள்ள அட்டையில் படித்து, கருத்துப் படிவத்தில் எழுதலாம். பெயரோடு எழுதப்பட்ட இரண்டு வரிகள் அவருடைய மேலாளரின் மேசையைச் சென்றடையும். அடுத்த கற்றல் பயணத்தில், உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சிப்பொருளின் அருகே நிற்கும் அதிகாரியிடம், “ஐயா, இங்கே உங்களுக்கு மிகவும் பிடித்த பொருள் எது?” என்று கேட்டுப் பாருங்கள். விளக்கப் பலகையில் இல்லாத ஒரு பதில் உங்களுக்குக் கிடைக்கலாம்.