பற்சில்லுக் கணக்கு: பழைய காரின் கியர்ப்பெட்டியும் பின்னச்சும்

பழைய மாணவர் சிலரின் வீட்டு முற்றங்களில் இன்றும் மொறிஸ் மைனர் நிற்கின்றது. தந்தையார் வாங்கியது, தமையனார் ஓட்டிப் பழகியது, இப்போது பேரப்பிள்ளைகள் துடைத்து வைத்திருப்பது. இத்தகைய வண்டியை உடையோர் எம்மைக் காணும்போதெல்லாம் வினவுவது ஒன்றுண்டு. "ஐந்து கியர்ப் பெட்டி பூட்டலாமா? அல்லது பின்னச்சை மாற்றினாற் போதுமா?" என்பதே அது. கொழும்பு செல்லும் நெடுந்தெருவில் எஞ்சின் அலறாமல் ஓடவும் வேண்டும், நுவரெலியா ஏற்றத்தில் இளைக்காமல் ஏறவும் வேண்டும் என்று அவர்கள் விரும்புகின்றனர். இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கக்கூடியவையே. ஆயின், கியர்ப்பெட்டியையும் பின்னச்சையும் ஒரே கணக்கில் வைத்து நோக்குவோர்க்கே அவை கிடைக்கும். ஒன்றை இவ்வாண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் எண்ணிப்பாராது மாற்றியோர், பெரும்பணம் செலவிட்டு முன்னையதினும் தாழ்ந்த வண்டியைப் பெற்றதுண்டு. மலைநாட்டு இறக்கத்திலோ இப்பிழை பணத்தோடு நின்றுவிடுவதன்று.

மாணவர்க்கு விளங்குமாறு சைக்கிளிலிருந்து தொடங்குவோம். சோழகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தோர் அறிவர், கால் எவ்வளவு வலிதாயினும் ஓரளவு விரைவில் மிதிக்கும்போதே அதன் வலிமை நன்கு பயன்படுகின்றது. மிக மெல்ல மிதித்தாற் கால் நோகும். மிக விரைந்து மிதித்தாற் களைப்பே மிஞ்சும். எஞ்சினும் அத்தன்மையதே. 1962 முதல் மைனரிற் பொருத்தப்பட்ட 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் முறுக்குவலி நிமிடத்துக்கு 2,500 சுழற்சியளவில் உச்சம் எய்துகின்றது. அவ்வுச்சம் 60 இறாத்தல்-அடி. அதன் முழுப் பரிவலுவாகிய 48 கிடைப்பது 5,100 சுழற்சியில். நாள்தோறும் ஓடுவதற்கு 2,500 முதல் 4,000 வரையுள்ள இடைவெளியே அதற்கு உகந்தது.

இனிச் சில்லை நோக்குவோம். மைனரின் 14 அங்குலச் சில்லு, ரயருடன் ஒரு முறை உருளும்போது ஏறக்குறைய 1.85 மீற்றர் தூரம் செல்லும். மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடும் வண்டியின் சில்லு நிமிடத்துக்கு 720 முறை சுழல்கின்றது. எஞ்சின் விரும்புவதோ 3,000. ஆகவே ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவில் சுழற்சியைக் குறைத்தல் வேண்டும். அக்குறைப்பைச் செய்வதே பின்னச்சிலுள்ள சிறிய பினியனும் பெரிய கிறவுண் வீலும். பினியனில் 9 பல்லும் கிறவுண் வீலில் 38 பல்லும் இருப்பின் விகிதம் 4.22. இவ்விகிதம் மாறாதது. கியர்ப்பெட்டியின் விகிதமோ சாரதியின் கைக்கேற்ப மாறுவது. இரண்டையும் பெருக்கி வருவதே மொத்த விகிதம். வண்டியின் நடத்தையைத் தீர்மானிப்பது இப்பெருக்கமேயன்றி இரண்டிலொன்று தனித்தன்று. இதனை மறவாதிருப்பின் மிகுதி யாவும் கூட்டல் பெருக்கலே.

கணக்கை எளிதாக்க ஒரு வழி கூறுவோம். 111 என்னும் எண்ணை மொத்த விகிதத்தாற் பிரித்தால், எஞ்சின் ஆயிரம் சுழற்சி சுழலும்போது வண்டி மணிக்கு எத்தனை கிலோமீற்றர் செல்லும் என்பது வரும். 1.85 மீற்றரை 60ஆற் பெருக்க 111 வருகின்றது. வேறு மறைபொருள் இல்லை. ரயரின் அளவை மாற்றுவோர் இவ்வெண்ணையும் மாற்றிக்கொள்க.

மைனரின் வரலாறே இக்கணக்குக்கு நல்ல பாடம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் ஏள்ஸ்கோட் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்குமுன் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. இடையில் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வந்த காலத்தில், அதன் வலிமை 30 பரிவலுவே ஆதலால், பின்னச்சு விகிதத்தை 5.3 அளவுக்கு உயர்த்தினர். ஆயிரம் சுழற்சிக்கு 21 கிலோமீற்றர்தான். மணிக்கு 80இல் எஞ்சின் 3,800 சுழற்சி சுழன்று முழங்கிற்று. 1956இல் 948 எஞ்சின் வந்ததும் விகிதம் 4.555 ஆயிற்று, 9 பல்லும் 41 பல்லும். 1962இல் 1098 வந்ததும் 4.22 ஆயிற்று. எஞ்சின் வலுக்க வலுக்கப் பின்னச்சின் எண் இறங்கிவந்ததைக் காண்க. இவ்வொழுங்கை அறியாது 803 எஞ்சினுக்கு 4.22 பின்னச்சைப் பூட்டினால், சிறுவனைக் கொண்டு பாரவண்டி இழுப்பித்தது போலாகும்.

பல்லெண்ணிக்கைகளைச் சற்று உற்றுநோக்கும் மாணவர் ஒன்றைக் காண்பர். 9, 38, 9, 41, 10, 39, 11, 41 என்னும் இணைகள் எவற்றிலும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இது தற்செயலன்று. 9க்கு 36 என வைத்திருந்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிறவுண் வீலின் அதே நான்கு பற்களையே என்றென்றும் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லிலுள்ள சிறு குறை அந்நான்கையும் அரித்துவிடும். 9க்கு 38 ஆயின், ஒரு பல் தான் தொட்ட பல்லை மீண்டும் தொடுமுன் ஏனைய 37ஐயும் தொட்டுவரும். தேய்வு யாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படும். பொது மடங்குகளுட் சிறியதை எதற்காகப் படிக்கின்றோம் என்று கேட்கும் மாணவர்க்கு இதனைக் காட்டலாம்.

இனி, மாற்ற விரும்புவோரின் வினாவுக்கு வருவோம். வழிகள் இரண்டு. ஒன்று, இருக்கும் நான்கு கியர்ப் பெட்டியை அப்படியே விட்டுப் பின்னச்சின் விகிதத்தை மட்டும் குறைத்தல். மைனரின் பின்னச்சும் எம்.ஜி. மிட்ஜெற்றின் பின்னச்சும் ஒரு குடும்பத்தன ஆதலால், மிட்ஜெற்றின் 3.9 அல்லது 3.727 டிபரன்சல் மைனருக்குப் பொருந்தும். மற்றையது, ஐந்து கியர்ப் பெட்டியைப் பூட்டுதல். 1980களிற் போட் சியரா முதலிய கார்களில் வந்த 'ரைப் 9' என்னும் பெட்டியை இதற்கு இங்கிலாந்திற் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதன் விகிதங்கள்: 3.65, 1.97, 1.37, 1, 0.82. யப்பானியப் பெட்டியை விரும்புவோர் அதன் எண்களை இக்கணக்கில் இட்டுக்கொள்க.

முதலாம் வழியை நோக்குக. 3.727 பூட்டினால் நான்காம் கியரில் ஆயிரம் சுழற்சிக்கு 29.8 கிலோமீற்றர். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் உச்ச வேக எல்லையாகிய மணிக்கு 100இல், பழைய 4.22 பின்னச்சோடு 3,800 சுழன்ற எஞ்சின் இப்போது 3,360 சுழலும். காதுக்கு இனிமைதான். ஆனால் விலை கொடுக்கப்படுவது கீழ்க் கியர்களில். 1098 மைனரின் முதலாம் கியர் 3.628, இரண்டாம் கியர் 2.172. முன்னர் மொத்த விகிதம் முறையே 15.3, 9.17 ஆக இருந்தது; இப்போது 13.5, 8.1 ஆகிவிடும். நால்வரும் பொதிகளும் ஏறிய வண்டி இறம்பொடை வளைவில் மணிக்கு 30இல் இரண்டாம் கியரில் ஏறும்போது, முன்னர் 2,480 சுழன்ற எஞ்சின், அதாவது முறுக்குவலியின் உச்சத்தில் நின்ற எஞ்சின், இப்போது 2,190க்கு இறங்கிவிடுகின்றது. சில்லுக்குச் செல்லும் இழுவையும் எட்டிலொரு பங்கு குறைகின்றது. வேகம் இன்னும் விழுந்தால் முதலாம் கியர் வேண்டும். மைனரின் முதலாம் கியரோ ஓட்டத்தில் இலகுவாக விழாதது. பழைய சாரதிகள் இரட்டைக் கிளச்சு மிதித்து அதனைப் போட்ட சத்தம் எமக்கு நினைவுண்டு. மட்டமான யாழ்ப்பாணத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இவ்வழி போதும், 3.9 எனில் இன்னும் நன்று.

இரண்டாம் வழியிலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். ஐந்து கியரும் வேண்டும், மிட்ஜெற் பின்னச்சும் வேண்டும் என்று இரண்டையும் பூட்டிவிடுவர். கணக்கிடுக. ஐந்தாம் கியரின் மொத்த விகிதம் 3.06. மணிக்கு 80இல் எஞ்சின் 2,200 சுழற்சிதான். எதிர்காற்று வீசினும் பாலத்து மேடு வரினும் நான்காம் கியருக்கு இறங்கவேண்டியதே. ஐந்தாம் கியர் காட்சிப்பொருளாகும். இரண்டாம் கியரோ 7.3, முன் சொன்ன வளைவில் எஞ்சின் 2,000 சுழற்சிக்கும் கீழே தவிக்கும்.

இதற்கு மாறாக, அதே ஐந்து கியர்ப் பெட்டியோடு பழைய 948 வண்டியின் 4.555 பின்னச்சைச் சேர்த்துப் பாருங்கள். முதலாம் கியர் 16.6. இரண்டாம் கியர் 8.97, 1098 வண்டியின் 9.17க்கு மிக அண்மையது. மூன்றாவது 6.24, பழையது 5.96. ஐந்தாவது 4.555ஐ 0.82ஆற் பெருக்க 3.735. இது 3.727 பின்னச்சின் நேர்க் கியரோடு ஏறக்குறைய ஒன்றே! நெடுஞ்சாலையில் அதே அமைதி. மலையில் பழைய இழுவை குன்றாது. "பழசு" என்று கராச்சு மூலையில் எறியப்பட்ட 9க்கு 41 பல்லுப் பினியன்தான் ஐந்து கியர்ப் பெட்டிக்கு ஏற்ற துணை என்பது பலருக்கு வியப்பைத் தரும். 4.22 பின்னச்சு இருப்பவர் அதனை மாற்றாது விட்டாலும் தவறில்லை. ஏற்றத்திற் சிறிது தளரும், அவ்வளவே. ஐந்தாம் கியரில் வலு மேலும் இரண்டு சோடிப் பற்சில்லுகளுக்கூடாகச் செல்வதால் நேர்க் கியரைவிடச் சிறிது இழப்புண்டு என்பாருமுளர். உண்மையே, எனினும் அது பொருட்படுத்தும் அளவினதன்று என்பது எமது கருத்து.

இறக்கத்தைப் பற்றி ஒரு சொல். மலையிறங்கும்போது எஞ்சினே முதற் பிறேக்கு. மொத்த விகிதம் குறையின் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும் வலிமையும் அவ்வளவாகக் குறையும்; அப்பாரம் பிறேக்கு உருளைகளின் மேல் விழும். 948 வண்டியின் முன் உருளைகள் 7 அங்குலமே. 1098க்குத்தான் 8 அங்குலமாக்கினர். நுவரெலியாவிலிருந்து இறங்கும் நீண்ட வளைவுகளிற் சிறிய உருளைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே 7 அங்குல உருளையுள்ள வண்டிக்கு 3.727 பின்னச்சை எவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம் என்று சொல்வோம்.

எரிபொருளும் கணக்கிற் சேரும். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் சிறிது பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் அறிவர். மண்ணெண்ணெய் எளிதில் "தட்டும்" எரிபொருள். குறைந்த சுழற்சியிற் பாரம் இழுக்கும்போதே தட்டல் மிகும். அன்று அவ்வண்டிகளைக் காப்பாற்றியதில் உயர்ந்த விகிதமுடைய பழைய பின்னச்சுகளுக்கும் பங்குண்டு.

கைம்மாறிக் கைம்மாறி வந்த வண்டியில் எந்தப் பின்னச்சு இருக்கின்றது என்பதைப் பத்திரத்தைப் பார்த்து அறிதல் இயலாது. எண்ணியே அறிதல் வேண்டும். மைனரின் கைப்பிறேக்கு பின்சில்லுகளையே பிடிப்பதாதலால், முன்சில்லுகளுக்கு நன்றாகக் கட்டை வைத்துவிட்டுக் கைப்பிறேக்கை விடுவிக்குக. கியரை நியூற்றலில் வைத்து, ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்தித் தாங்கி கொடுத்து, அச்சில்லை 20 முறை சுழற்றுக. மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால் கிறவுண் வீல் 10 முறையே சுழலும். கீழேயுள்ள நீண்ட தண்டில் வெண்கட்டியாற் கோடிட்டு, அது எத்தனை முறை சுழல்கின்றது என்று ஒருவர் எண்ணுக. 42ஐச் சற்றுத் தாண்டினால் 4.22; 45½ எனில் 4.555; 37ஐச் சற்றுத் தாண்டினால் யாரோ முன்னரே மிட்ஜெற் பினியன் பூட்டியிருக்கின்றார்.

ஐந்து கியர்ப் பெட்டி பூட்டுவோர் அந்நீண்ட தண்டை வெட்டிக் குறுக்கவேண்டிவரும். வெட்டியபின் சமன்பார்க்காத தண்டு நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி முழுவதையும் நடுங்கச் செய்யும்.

வேகமானியையும் மறத்தலாகாது. அது கியர்ப்பெட்டியின் பின்புறத்திலிருந்து இயங்குவது. பின்னச்சு மாறியதை அறியாது. 4.22ஐ எடுத்து 3.727 பூட்டிய வண்டியில் அது 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 68. புதுப் பெட்டி பூட்டினாலோ வேகமானியை இயக்கும் சிறு பற்சில்லும் மாறிவிடுவதால் எப்பக்கம் பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. மைனரின் முள்ளை மணிக்கு 37 மைலில், அதாவது 60 கிலோமீற்றரில், அசையாது நிறுத்தி, இரண்டு கிலோமீற்றர்க் கற்களுக்கிடையே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை அருகிலிருப்பவரிடம் ஒப்படைக்குக. 60 விநாடி எனில் வேகமானி மெய் பேசுகின்றது. 53 விநாடி எனில் முள்ளுக்கு மேலே உண்மை வேகத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டி வைக்குக.