‘நீ’யும் ‘நீங்க’ளும்

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பெரியவங்கன்ற மரியாதையே இல்லை” என்ற குறை, அல்சூர் ஆனாலும் வைட்ஃபீல்டு ஆனாலும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் கேட்கிற ஒன்றுதான். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஓர் எழுத்தில் வந்து நிற்கும். “தாத்தா, நீ எப்போ வந்தே?” என்று பேரன் கேட்டதும் வேலூரிலிருந்து வந்த தாத்தாவின் முகம் வாடிவிடுகிறது.

அதே பேரன் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவரை “பன்னி அங்கிள்” என்று பன்மையில்தான் வரவேற்கிறான். அந்த மரியாதையைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் கற்றுக்கொடுத்தன. தமிழோ அவனுக்கு வீட்டுக்குள் மட்டும். அங்கே அவனைப் பார்த்து எல்லோரும் சொல்வது ‘நீ’. தாயும் தந்தையும் தங்களுக்குள் பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால், ‘நீங்க’ அவன் காதில் எப்போது விழும்? 1809இல் கன்டோன்மென்ட் உருவான பிறகு தமிழர்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில், பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதைக் கேட்டே பிள்ளைகள் கற்றார்கள். அடுக்குமாடியில் அந்தத் தெரு இல்லை. கொங்குநாட்டுக்காரர்கள் சிறு குழந்தையையும் “வாங்க கண்ணு” என்று அழைப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல். இலக்கண நெறி அன்று என்கிறது தொல்காப்பியம். புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனையே ‘நீ’ என்று பாடினார்கள். ஔவை அதியமானிடம் மரியாதை இல்லாமலா பேசினார்? பின்னாளில் மதிப்புச் சொல்லான ‘நீர்’, இன்று பல ஊர்களில் சண்டைக்கு இழுப்பதுபோல் ஒலிக்கிறது.

காபி கொடுத்த பாட்டிக்குப் பேத்தி “தேங்க்ஸ்” சொன்னால், “நான் என்ன வெளியாளா?” என்று பாட்டிக்கு வருத்தம். பேத்திக்கு அதுவே பண்பு. இது பேசித் தீர்க்கக் கூடியதுதான்.

ஆனால் பழைய மரியாதை வயதை மட்டும் பார்த்ததா? ஊரில் அறுபது வயதுக் கூலியாளைப் பத்து வயதுப் பையன் சாதியின் பெயரால் ‘வாடா, போடா’ என்றபோது, அதைப் பண்புக்கேடு என்று எத்தனை பெரியவர்கள் கண்டித்தார்கள்? இங்கே நம் பிள்ளைகளில் பலர் வீட்டு வேலைக்கு வருபவரை “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார்கள், பார்சல் கொண்டுவருபவரை “அண்ணா” என்கிறார்கள். “வேலைக்காரிக்கு என்னடி ‘நீங்க’?” என்று அதட்டுகிற பாட்டிகளும் இருக்கிறார்கள். நல்ல வேளை, பிள்ளைகள் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை.