கால் வீக்கமும் சிறுநீர்க் கோளாறும்

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களுக்கு அண்டையில் உள்ளது பூண்டிக் கிராமம். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் அக்குளிர்ந்த பூமியில், கால் வீங்கினாலும், அடிக்கடி சிறுநீர் கழிந்தாலும், குளிரே காரணமென்று இருந்துவிடுவது எளிது. ஆயின் அது பாதி உண்மையே. குளிரில் வியர்வை குறைவதால் சிறுநீர் மிகுதல் இயல்பு. ஆனால், விரலால் அமுக்கினால் குழி விழும் வீக்கத்தைக் குளிரின்மேல் சுமத்துதல் தவறாகும்.

வயலில் மிஞ்சிய நீரை வடிகால் அகற்றுவதுபோல், உடலில் மிகுந்த நீரைச் சிறுநீரகங்கள் அகற்றுகின்றன. அவை பழுதுற்றால் இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் சத்து சிறுநீரில் கசியும், சிறுநீர் நுரைக்கும், கண் இமைகளும் கால்களும் வீங்கும். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் நாளடைவில் இப்பழுதை உண்டாக்க வல்லவை.

இருதயம் பலவீனமுற்றாலும் கால்களில் நீர் தங்கும். இரவில் படுத்தபின் அந்நீர் இரத்தத்தில் திரும்பிச் சேர்வதால், பன்முறை எழுந்து சிறுநீர் கழிக்க நேரிடும், மூச்சும் இரைக்கும். ஈரல் கெட்டால் காலோடு வயிறும் வீங்கும். வயோதிக ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி பருத்து நீர்த்தாரையை நெருக்கினால், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். கர்ப்பிணிகளின் வீக்கத்தை 'உப்புநீர்' என்று சொல்லி அசட்டை செய்தலாகாது. இரத்தக் கொதிப்பையும் சிறுநீரையும் உடனே சோதித்தல் வேண்டும்.

ஆகவே ஒரே அறிகுறிக்குக் காரணங்கள் பல. கால் வீக்கத்தை மட்டும் சொல்லிச் சிறுநீர்க் கோளாற்றைக் கூச்சத்தால் மறைத்தால், டாக்டர் காரணத்தைக் காண்பது கடினம். இரண்டையும் சொல்லுங்கள், உண்ணும் மாத்திரைகளையும் காட்டுங்கள். உடல் வலிக்குக் கடையில் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளாலும் கால் வீங்குவதுண்டு. எனினும் டாக்டரைக் கேளாமல் அவற்றை நிறுத்தலாகாது.

சோதனைகள் எளியவை: இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து தருகின்றனர். 2023-இல் தொடங்கிய சிறுநீரக நலத் திட்டம் ஒன்று சிறுநீர்ச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொணர்ந்தது. இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பதும், முதியோரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும் பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்க நற்பணியாகும்.

சிறுநீர் அடியோடு நின்றாலும், மூச்சுத் திணறினாலும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும், கர்ப்பிணிக்குத் தலைவலியுடன் பார்வை மங்கினாலும், தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவோர் உண்டு. சிறுநீரகம் முற்றும் செயலிழந்தாலோ, இரத்தத்தைச் சுத்திகரிக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டிவரும். இன்று செலவிடும் ஒரு நாள், அத்துன்பத்தைத் தடுக்கக்கூடும்.