பேயிடம் கேட்ட கேள்வி: மனநல சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

'தெரபி' என்ற சொல் எங்கள் செஞ்சிப் பக்கம் புதிது. மனசு கலங்கிப்போனவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது புதிதல்ல. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களைக் கூட்டிவருகிறார்கள். இப்பகுதியில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் தன் 'ரிலிஜன் அகெயின்ஸ்ட் தி செல்ஃப்' (2000) நூலில் பேயோட்டும் சடங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பம்பைக்காரர் அடித்துப் பாடிப் பேயை வரவழைக்கிறார். 'யாரு நீ? எதுக்கு இவளைப் புடிச்ச?' பேய் பெரும்பாலும் அகாலமாகச் செத்த ஆண். பிடிபட்டவள் பெரும்பாலும் கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள். அவள் முடிக்கற்றையை மரத்தில் ஆணியடித்ததும் பேய் போய்விடுகிறது. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

அவள் சொல்ல முடியாததைப் பேய் சொல்கிறது, ஆகவே இது எதிர்ப்புக்குரல் என்று வாசிப்பவர்கள் உண்டு. நபோகோவ் இதை ஏற்பதில்லை. கேள்வி பேயிடம் கேட்கப்படுகிறது, அவளிடம் அல்ல. முடிவும் முன்பே தீர்மானமாகிவிட்டது.

தெரபி அறையையும் இந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அங்கே கேள்வி உங்களிடம் கேட்கப்படும். முதல் நாள் பெரும்பாலும் விசாரிப்புதான்: என்ன தொந்தரவு, எப்போதிருந்து, தூக்கம், குடி, குடும்பம், சாகத் தோன்றியதுண்டா என்பதுவரை. எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டிவிட வேண்டியதில்லை. அறிவுரையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. ஆரம்பத்தில் பாரம் கூடினாற்போல்கூட இருக்கும். மூடிவைத்ததைத் திறந்தால் அப்படித்தான். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர்; உளவியலாளர் பேச்சின் வழியே வேலை செய்பவர். சிலருக்கு இரண்டும் தேவைப்படும்.

'இதெல்லாம் நடுத்தரவர்க்கச் சொகுசு, அமைப்பை மாத்தினா மனசு சரியாயிடும்' என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அமைப்பு மாறுகிறவரை ராத்திரி தூங்காமல் கிடப்பவருக்கு இது பதிலாகாது. ஆனால் அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. மனம் திறந்து பேசவைப்பதே அதிகாரத்தின் ஒரு வேலைமுறை என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். சாதியால் பட்ட அவமானத்தைச் சொல்பவரிடம் 'நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க' என்றும், அடிபட்டு வந்தவளிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்றும் சொல்லி அனுப்பினால், அந்த அறைக்கும் பம்பைக்காரருக்கும் வித்தியாசம் என்ன? ஆணி மட்டும்தான் இல்லை.

ஆகவே நீங்களும் கேளுங்கள். உங்கள் படிப்பு என்ன? இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன, அதை யார் தீர்மானிப்பது? நான் சொல்வது வீட்டுக்குப் போகுமா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடைசெய்கிறது. 2001இல் ஏர்வாடியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்த நாட்டில் இது சாதாரண வரி அல்ல. ஒத்துவராவிட்டால் வேறு ஆளிடம் போகலாம், அது துரோகமல்ல.

செஞ்சியிலிருந்து போகக்கூடிய தூரத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். 2022இல் தொடங்கிய இலவச அரசுச் சேவை, தமிழிலேயே பேசலாம். கோயிலுக்குப் போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எங்கே போனாலும், கேள்வி உங்களிடம் கேட்கப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.