பொங்கலுக்கு ஊர் செல்லலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வலி தணிப்புப் பிரிவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: “பொங்கலுக்கு இவரை ஊருக்கு அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் நோயாளரின் மனைவி அல்லது கணவர். அறையை விட்டு வெளியே வந்து, தாழ்ந்த குரலில் கேட்பார். அடுத்த பொங்கல் இவருக்கு உண்டா என்ற மற்றொரு கேள்வியும் அதனுள் இருப்பதை நாங்கள் அறிவோம்.

நோய் முற்றிய நிலையிலும், தக்க முன்னேற்பாடு இருப்பின், பலர் பயணம் செய்ய இயலும்.

நுரையீரல் புற்றுநோய் கண்ட ஒருவர் சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கமுள்ள தம் ஊருக்குச் செல்ல விரும்பினார். ஏறத்தாழ 620 கிலோமீட்டர். “வழியில் ஏதேனும் ஆகிவிட்டால் நான் ஒருத்தி என்ன செய்வேன்?” என்று அவர் மனைவி அஞ்சினார். இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசினோம். மனைவியின் திட்டத்தில் குலதெய்வக் கோயிலும் நான்கு உறவினர் வீடுகளும் இருந்தன. கணவரிடம் கேட்டபோது, “எங்கள் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும்” என்றார். அதற்கு மட்டுமே பயணத்தை அமைத்தோம். திருச்சியில் ஓர் இரவு தங்க முடிவாயிற்று.

நீங்களும் முதலில் நோயாளரிடமே அவர் விருப்பத்தைக் கேளுங்கள். பிறகு நாளைத் தேர்ந்தெடுங்கள். கீமோதெரபி பெறுவோருக்குப் பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அந்நாள்களில் கூட்டத்தைத் தவிர்ப்பது நலம். பண்டிகை நெரிசலுக்கும் போகிப் புகைக்கும் முன்பே ஊர் சேர்ந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு அப்புகை பெருந்துன்பம் தரும்.

விடியற்காலைப் பனிமூட்டம் விலகிய பின்னரே வண்டியை எடுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி, இயன்றால் சில அடிகள் நடக்கச் செய்யுங்கள். இயலாதவருக்குக் கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சி உதவும். புற்றுநோயாளருக்குக் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் எங்கிருந்தும் 108-ஐ அழைக்கலாம்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தைப் பெறுவோருக்குக் குளிர் பட்டால் விரல்களும் தொண்டையும் மரத்துக் கூசும். அவர்களுக்குக் கையுறையும் கழுத்துத் துண்டும் வெந்நீரும் தேவை. வண்டியின் குளிர்காற்று முகத்தில் நேரே படக்கூடாது.

மருந்துகளைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள். சில நாள்களுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். மார்ஃபின் மாத்திரைகள் அவற்றின் அட்டையிலேயே, மருந்துச்சீட்டுடன் இருக்கட்டும்; வேளை தவறாமல் கொடுங்கள். நோய்நிலையைக் கூறும் கடிதத்தை எங்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே எங்களை அழையுங்கள்.

உடன் செல்பவரின் உடல்நலமும் பெரிது. இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்பவரே பகலில் வண்டி ஓட்டலாகாது. பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். திரும்புவது பற்றிப் புறப்படும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்; வழியில் பேசுவது கடினம்.

அத்தம்பதியர் ஊர் சேர்ந்தனர். அவர் அரை மணி நேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். பொங்கலன்று பானை பொங்கியபோது உறங்கிக்கொண்டிருந்தாராம். “எழுப்ப மனம் வரவில்லை. சற்று நேரம் கழித்து, ஒரு கரண்டி பொங்கல் ஊட்டினேன்” என்றார் அவர் மனைவி. பங்குனியில் அவர் காலமானார். திருச்சி விடுதியில் அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததையே இன்றும் அந்த அம்மா நினைவுகூர்கிறார்.

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னதாக இருவரும் எங்களிடம் வாருங்கள். அக்கேள்வியை அறைக்கு வெளியே கேட்க வேண்டாம். அவர் முன்னிலையிலேயே கேளுங்கள்.