அலுமினியச் சக்கரமும் அதன் காப்புத் தோலும்

பேரா மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோப்பெங், ஈயத்தால் வளர்ந்த ஊர். மலைநீரைப் பெருங்குழாய்களில் கொணர்ந்து, மண்மேட்டின்மீது பீச்சியடித்துக் கரைத்து, ஈயமணலைப் பிரித்தெடுத்த சுரங்கங்கள் இங்கு நெடுங்காலம் இயங்கின. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய வணிகம் நிலைகுலைந்தபின், கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இங்குக் கிடைத்தது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் நவச்சாரமிட்டு உருக்கிப் பூசப்படுவதும் வெள்ளீயமே. குழம்பின் புளிப்பு பித்தளையைத் தீண்டாதபடி அது தடுக்கிறது. ஓர் உலோகத்துக்கு மற்றோர் உலோகம் காவலாக நிற்கும் முறை இது.

அலுமினியமோ தன் காவலைத் தானே உண்டாக்கிக் கொள்வது. உலோகங்களின் மேல் படிவனவற்றுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இரும்பில் தோன்றுவது துரு. செம்பில் தோன்றுவது களிம்பு. களிம்பைச் சைவ சித்தாந்த நூலார் உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமையாக்கினர். துருவும் களிம்பும் குற்றம் என்ற பொருளிலேயே வழங்குகின்றன. அலுமினியத்தின் மேல் படிவதற்கு அத்தகைய பழம்பெயர் இல்லை; 19ஆம் நூற்றாண்டில்தான் அவ்வுலோகம் பிரித்தெடுக்கப்பட்டது. 1886இல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ ஆகிய இருவரும் மின்னாற்றலால் அதனை மலிவாகப் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டபிறகே அது மக்கள் கைக்கு வந்தது.

புதிதாக வெட்டிய அலுமினியத்தின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டவுடன் ஓர் ஆக்சைடுத் தோல் படிகிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே. இரும்பின் துரு உதிர்ந்துபோக, இத்தோல் இறுகப் பற்றி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறையவைக்கும் தொட்டிகளை அலுமினியத்தால் செய்ததற்கும் காரணம் உண்டு. பித்தளையிலுள்ள செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் கெடும். அலுமினியத்தால் அக்கேடு இல்லை.

எனினும் இத்தோலுக்குப் பகைவர் உளர். கடுங்காரமும் கடும் அமிலமும் அதனைக் கரைக்கும். உப்பு அதனை ஊசிமுனைபோல் துளைத்துக் குழி செய்யும். பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது முறை. அடுப்புச் சாம்பலால் துலக்குவதும் பல வீடுகளில் வழக்கம். சாம்பல் காரமாதலால், அவ்வழக்கத்தை அலுமினியத்துக்குக் கொண்டுவருதல் தவறாகும்.

மலேசியாவில் 'ஸ்போர்ட் ரிம்' என வழங்கும் கார்ச் சக்கரங்களில் பெரும்பாலானவை, அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்படுவன. இவற்றின்மேல் தொழிற்சாலையில் இட்ட தெளிந்த லாக்கர் பூச்சு கல்பட்டு உடைந்தால், மழைநீரும் பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகளும் அங்கே தங்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த பேராவில், பூச்சின் அடியில் வெண்ணிற இழைகள் புழுப்போல் நெளிந்து பரவுவதைக் காணலாம். கடற்கரை சென்று மீண்ட வண்டியில் உப்பும் சேர, இவ்வரிப்பு விரையும்.

இதனைச் சீராக்குவோர் முதலில் சக்கரம் ஆறியபின் மென்மையான சோப்பு நீரால் கழுவவேண்டும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துலக்கி ஆகாது. அது சக்கரத்தைக் கறுக்கச் செய்யும். ஹைட்ரோபுளூரிக் அமிலம் கலந்த துலக்கிகளோ கைக்கே கேடு. அவ்வமிலம் வலி தோன்றும் முன்னரே தோலினுள் ஊடுருவி எலும்புவரை செல்லக்கூடியது.

அடுத்து, பழைய லாக்கரை அதற்குரிய நீக்கியால் முழுவதும் அகற்றவேண்டும். பின்னர் 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 600, 800, 1000, 1500, 2000 எனப் படிப்படியாக, நீர் விட்டுத் தேய்க்கவேண்டும். முந்திய தாளின் கீறல் மறைந்தபின்னரே அடுத்த தாளை எடுத்தல் வேண்டும். நீர் விடுவதால் துகள் பறக்காது; அலுமினியத் துகள் எளிதில் தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது. இரும்பு நாரையும் தவிர்க்கவேண்டும். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பை உண்டாக்கும். இறுதியாக மெருகுப் பசையிட்டுத் துணியால் தேய்த்தால் கண்ணாடிபோல் ஒளிரும்.

ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. மெருகிட்ட முகத்தில் புதுத் தோல் தானே படியுமாயினும், சாலையின் உப்பையும் அழுக்கையும் அது மட்டும் தாங்கி நில்லாது. மெழுகு இடுவது எளிது. ஆயினும் சில திங்களுக்கு ஒருமுறை மீண்டும் இடவேண்டும். லாக்கர் நெடுநாள் நிற்கும். ஆனால் மெருகுப் பசையின் எண்ணெய் சிறிது எஞ்சினும் அது பற்றாது. ஓரிடத்தில் உடைந்தால் இழையரிப்பு மீண்டும் தொடங்கும். மின்முறையால் ஆக்சைடுத் தோலைத் தடிப்பாக்கும் அனோடைசிங் உறுதியானதே. ஆயினும் சிலிக்கன் மிகுந்த வார்ப்பில் அது சாம்பல் நிறமாய்ப் படிந்து பளபளப்பைக் குறைக்கும். ஆதலின் வார்ப்புச் சக்கரத்தின் வெள்ளொளியை விரும்புவோர், மெழுகிடும் உழைப்பையோ லாக்கரைக் கண்காணிக்கும் பொறுப்பையோ ஏற்றே ஆகவேண்டும்.

இவ்வனைத்தும் மேற்பரப்புக்கு உரியவை. சக்கரத்தில் வெடிப்போ வளைவோ இருப்பின், மெருகு அதனை மறைக்குமேயன்றி மாற்றாது. நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினால், வார்ப்புக்குப் பதப்படுத்தலால் வந்த வலிமையும் குன்றும். அத்தகைய சக்கரத்தை ஒளியேற்றி ஓட்டுவதைவிடக் கழித்துவிடுவதே உயிருக்குக் காவலாகும்.